மாகாணப் பெயர் சுமந்த விமானப் படையணி

சீவகசிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறி விண்வழிச் செல்கிறாள். சச்சந்தனோ தரையில் நின்று கட்டியங்காரனின் படையோடு பொருது மடிகிறான். பறப்பவர் ஒருவர், போர் புரிபவர் மற்றொருவர். இந்தப் பங்கீட்டை ஒரே விமானத்துக்குள் அமைத்துப் பார்த்த வரலாறு ஒன்று இருபதாம் நூற்றாண்டில் உண்டு. அவ்விமானத்தை முதன்முதலில் பெற்ற பிரித்தானியப் படையணி, நம்முடைய சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியது என்பதை இன்று நம்மில் பலர் அறியார்.

அதன் எண் 264. முதல் உலகப் போரின்போது 1918இல் தோன்றி, 1919இல் கலைக்கப்பட்டு, 1939 அக்டோபரில் மீண்டும் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கென இம்மாகாணம் அளித்த நன்கொடையின் நினைவாக 'சென்னை மாகாணம்' என்னும் பெயர் அதனுடன் சேர்ந்தது. 79, 234 ஆம் எண் படையணிகளும் இதே பெயரைப் பெற்றன. இவ்வழக்கம் புதிதன்று. முதல் போரிலேயே ஐதராபாத் நிஜாம் அளித்த பொருளால் 110 ஆம் படையணி விமானங்களைப் பெற்று, அவருடைய அரசின் பெயரை ஏற்றது. பின்னாளில் ஐதராபாத்தின் பெயர் பெற்ற 152 ஆம் படையணியோ நிஜாமின் தலைப்பாகையையே தன் சின்னமாகக் கொண்டது.

நிஜாம் கொடுத்தது ஓர் அரசரின் கொடை. மாகாணம் கொடுத்ததை அவ்வாறு எளிதில் சொல்லிவிட இயலாது. இந்தியரைக் கேளாமலேயே இந்தியா போரில் ஈடுபடுத்தப்பட்டதைக் கண்டித்து இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி துறந்திருந்தது. மறு ஆண்டில், போருக்கு ஆளாலோ பொருளாலோ உதவுதல் தவறு என்று முழங்கிய தனிநபர் சத்தியாகிரகிகள் சிறை சென்றனர். டிசம்பரில் இராஜாஜியும் கைதானார். பொருள் கொடாதே என்றவர் சிறையில் இருக்க, கொடுத்த பொருளுக்கு நன்றியாக மாகாணத்தின் பெயர் வானில் பறந்தது! நெய்வேலி அன்று அம்மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் தென்பட்டிருந்தது. நிலவியல் துறையினர் துளையிட்டு ஆய்ந்ததும் அதே போர் ஆண்டுகளில்தான்.

இனி விமானத்துக்கு வருவோம். அதன் பெயர் டிஃபையண்ட். முன்னால் விமானி; அவருக்குப் பின்னால், நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய சுழற்கூண்டில் சுடுநர். நம் சுரங்கத்தில் சக்கர வாளி அகழ்வு எந்திரத்தின் மேற்பகுதி தன் பீடத்தின்மீது திரும்புவதைக் கண்டவர்களுக்கு இவ்வமைப்பை விளக்க வேண்டியதில்லை. விமானியின் கையில் துப்பாக்கி ஏதும் இல்லை. பகைவன் நேர் எதிரே வந்தாலும் அவரால் சுட இயலாது.

இதனை வரைந்தோர் அறிவிலர் அல்லர். செருமனியிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் வந்தால், அத்தொலைவுக்குச் சிறு போர் விமானங்கள் காவலாக வர இயலாது என்று அவர்கள் கணித்தனர். காவலற்ற குண்டுவீச்சு விமானத்தின் பக்கவாட்டிலோ அடியிலோ பறந்தபடி சுடுவதற்குச் சுழற்கூண்டு ஏற்றதே. ஆனால் 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. கலே கரையிலிருந்து எழும் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களுக்கு ஆங்கிலக் கால்வாய் ஒரு தாவல் தொலைவாயிற்று. கணக்கின் அடிப்படையே தகர்ந்தது.

எச்சரிக்கை அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. 1940 மே 13 அன்று ஆலந்து நோக்கிச் சென்ற இப்படையணியின் ஆறு டிஃபையண்ட்களில் ஐந்து திரும்பவில்லை. ஆயினும் மே 29 அன்று, டன்கர்க் கரையிலிருந்து படைகள் மீட்கப்பட்டபோது, ஒரே நாளில் 37 பகை விமானங்களை வீழ்த்தியதாகப் படையணி அறிவித்தது. ஒற்றை இருக்கை விமானம் எனத் தவறாக எண்ணிப் பின்புறமாக வந்த செருமானியர் நான்கு துப்பாக்கிகளின் முன் சிக்கினர் என்பர். உண்மையில் வீழ்ந்தவை மிகக் குறைவு என்பது பின்னர்த் தெரிந்தது. போர்க்களத்துக் கணக்கு எந்நாட்டிலும் இப்படித்தான்.

தலைவர் பிலிப் ஹன்டர் வகுத்த வியூகம் இங்கே கருதத்தக்கது. தாக்கப்பட்டால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு, ஒன்றின் வாலை மற்றொன்று காக்கும். இவ்வட்டம் லஃப்பெரி என்பவரின் பெயரால் வழங்குகிறது. அவர் முதல் உலகப் போரில், அமெரிக்கத் தன்னார்வ விமானிகளைக் கொண்டு 1916இல் பிரான்சு அமைத்த லாஃபாயெட் படையணியில் புகழ்பெற்றவர்.

வட்டம் நெடுநாள் காக்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் தென்கிழக்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட படையணி சில நாட்களிலேயே சிதைந்தது. 24 ஆம் நாள் பகை விமானம் ஒன்றைத் துரத்திக் கடல்மீது சென்ற ஹன்டர் மீளவில்லை. 26 ஆம் நாள் தார்ன் என்ற விமானியும் பார்க்கர் என்ற சுடுநரும் இரண்டு குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினர். தம் விமானம் அடிபட்டுத் தரையை நோக்கி இறங்கும் நிலையிலும் துரத்தி வந்தவனைப் பார்க்கர் சுட்டு வீழ்த்தினார். அவ்விருவரும் பிழைத்தனர். எல்லாச் சுடுநருக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. எரியும் விமானத்தில் அக்குறுகிய கூண்டிலிருந்து வெளியேறுதல் மிகக் கடினம். 28 ஆம் நாளுக்குப் பின் பகற்போரிலிருந்து படையணி விலக்கப்பட்டது.

இரவுக் காவலில் டிஃபையண்ட் ஓரளவு பயன்பட்டது. இருளில் வரும் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் இல்லை அல்லவா? 1942இல் மொஸ்கிட்டோ விமானங்கள் வந்தன. போருக்குப் பின்னும் தொடர்ந்த படையணி, நெய்வேலிச் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்த அதே 1957இல் கலைக்கப்பட்டது. அதன் எண் சில காலம் ஏவுகணைப் பிரிவொன்றுக்கு வழங்கி, 1962இல் அதுவும் முடிந்தது. முழு உருவில் இன்று எஞ்சியிருக்கும் டிஃபையண்ட் ஒன்றே ஒன்று. பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள அது, போலந்து நாட்டவரின் 307 ஆம் படையணியில் பறந்தது.