உங்களுக்குத் தெரியுமா? ஊர் சுற்றிய நுரையீரல்!

● மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்தில் குதிரையேறி வந்த கவ்பாயைத் தெரியாதவர் குறைவு. 2015 பிப்ரவரியில் அவருக்குப் போட்டியாக ஒருவர் கிளம்பினார். பெயர் ஜெஃப். கவ்பாய் தொப்பி போட்ட, புகைத்துப் புகைத்துக் கெட்டுப்போன நுரையீரல். வாயில் சிகரெட் வேறு! அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜான் ஆலிவர் என்ற நகைச்சுவையாளர், மார்ல்பரோவைத் தயாரிக்கும் ஃபிலிப் மாரிஸ் நிறுவனத்துக்கு ‘அன்பளிப்பாக’க் கொடுத்த விளம்பரச் சின்னம் அது.

ஜெஃப் ஸ்டூடியோவோடு நிற்கவில்லை. தென் அமெரிக்காவில் உருகுவே தலைநகர் மொண்டேவிடியோவின் விளம்பரப் பலகைகளில் ஏறினார். ஆப்பிரிக்காவின் டோகோவில் டி-ஷர்ட்டுகளில் வலம் வந்தார். இரண்டுமே, சிகரெட் பெட்டியில் எச்சரிக்கையைக் கடுமையாக்கப் போய் அந்த நிறுவனத்தின் வழக்கையோ மிரட்டலையோ சந்தித்த நாடுகள்.

● பெட்டியின் முன்னும் பின்னும் 80 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கே ஒதுக்கச் சொன்னது உருகுவே. 2010இல் வழக்குப் போட்ட நிறுவனம், 2016 ஜூலையில் தோற்றது. வழக்குச் செலவாக 70 லட்சம் டாலர் உருகுவேக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் புகையிலை எதிர்ப்பை முன்னின்று நடத்திய அதிபர் தபரே வாஸ்கெஸ் யார் தெரியுமோ? புற்றுநோய் மருத்துவர். ஆள் தெரியாமல் மோதிவிட்டார்கள்!

● கேமல் சிகரெட்டின் ‘ஜோ கேமல்’ என்ற கார்ட்டூன் ஒட்டகத்தை, ஆறு வயது அமெரிக்கக் குழந்தைகள் மிக்கி மவுஸுக்குச் சமமாக அடையாளம் கண்டுகொண்டதாக 1991இல் ஓர் ஆய்வு சொன்னது. 1997இல் ஒட்டகம் ஓய்வு பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டே ‘ஜோ கீமோ’ வந்துவிட்டார்: அதே ஒட்டகம், ஆனால் ஆஸ்பத்திரியில், புற்றுநோய் சிகிச்சையில்.

● பொம்மை இல்லாமலும் ஊரைத் திருத்தப் பார்த்தவர்கள் உண்டு. 1974இல் அமெரிக்காவின் மான்டிசெல்லோ ஊர்ப் பத்திரிகை ஆசிரியர், ஒருநாள் மட்டும் புகைக்காதீர்கள் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டார். 1976இல் கலிஃபோர்னியாவில் அப்படி ஒருநாள் விட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர்.

● பிரிட்டனில் 1980இல் சிறுவர்களைச் சிகரெட்டிலிருந்து காக்க சூப்பர்மேனையே இறக்கினார்கள். ‘நிக் ஓ’டீன்’ என்ற வில்லன் பிள்ளைகளிடம் சிகரெட்டை நீட்டுவான். சூப்பர்மேன் அவனைப் பந்தாடுவார். அதே சமயத்தில் வந்த ‘சூப்பர்மேன் 2’ படத்தில் கதாநாயகி புகைப்பது மார்ல்பரோ. சண்டைக் காட்சியில் சூப்பர்மேன் போய் மோதும் லாரியிலும் கொட்டை எழுத்தில் மார்ல்பரோ. இதற்கெல்லாம் ஃபிலிப் மாரிஸ் பணம் கொடுத்திருந்தது.