அப்பாவின் கப்சாயை இரும்புக்குப் போடாதீர்கள்

தோட்டத்தை விட்டு வீடு மாறும் குடும்பங்களைப் பார்க்கிறோம். கட்டில், அலமாரி எல்லாம் லாரியில் ஏறிவிடும். ஐந்தடியில் சாய்ந்து கிடக்கும் ஹோண்டா சி70 மட்டும் பழைய இரும்புக்காரர் கைக்குப் போகும். 'ஓடாத வண்டிதானே' என்பார்கள். பால் வெட்டிய காசில் தவணை கட்டி வாங்கிய வண்டி ஐயா அது! அதைப் புதுப்பித்து ஓட்ட டவுனில் ஆள் தேடி அலைகிறார்கள்.

ஹோண்டா கம்பெனி 1958-இல் கொண்டுவந்த சூப்பர் கப் வம்சம்தான் நம் கப்சாய். கையில் கிளட்ச் கிடையாது. சி70-க்கு 72 சி.சி. எஞ்சின், சின்னது, வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாம்.

பல வருஷம் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள டேங்கில் துரு இருக்கும். கழுவாமல் பெட்ரோல் ஊற்றினால் கார்ப்ரேட்டர் அடைத்துக்கொள்ளும். பாயிண்ட் வைத்த பழைய மாடலுக்கு இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பெயிண்ட் கடைசி வேலை. நம் பையன்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்!

இதற்கெல்லாம் முன்னே கிராண்டைத் தேடுங்கள். அதிலுள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். துருவைத் தேய்க்கிறேன் என்று நம்பரையும் தேய்த்துவிட்டால் போச்சு. அப்பா காலமாகியும் கிராண்ட் அவர் பெயரிலேயே இருக்கிறதா? இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜேபிஜே கவுண்டருக்குப் போய், வாரிசுப் பத்திரம் எது வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஸ்பேனரைப் பிறகு எடுக்கலாம்.