கெட்ட தூக்கம், கெட்ட சிபில்: இரண்டையும் சரிசெய்வது எப்படி?

இலங்கை வேந்தனின் கலக்கத்துக்குக் கடன்பட்டவனின் நெஞ்சை உவமை சொன்ன வரியைப் பட்டிமன்ற மேடைதோறும் கம்பர் பெயரில் கேட்கிறோம். அது கம்பருடையது அல்ல. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் வருவது. அந்த நூல் அரங்கேறியது ஸ்ரீரங்கத்தில்.

இன்று அதே ஸ்ரீரங்கத்தில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவரிடம் முதலில் பார்க்கப்படுவது சிபில் ஸ்கோர். ஐந்தாறு வருஷத்துக்கு முன் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு பாக்கியோ, நண்பனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தோ அங்கே எழுந்து நிற்கும். "ஸ்கோர் பத்தாது சார்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. பழைய கடன் தவறைச் சரிசெய்வதைப் பணக் கணக்காக மட்டும் பார்க்கிறோம். உடம்பையும் மனத்தையும் கவனிக்காமல் அந்தக் கணக்கு நேராவதில்லை.

கடன் உடம்பில் என்ன செய்கிறது?

தவணைத் தேதி நெருங்கும்போது உடம்பு ஆபத்தைச் சந்திப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் சுரப்பு கூடுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஒருநாள் இரண்டுநாள் என்றால் பாதகமில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் நடுராத்திரியில் விழிப்பு, நெஞ்செரிச்சல், கழுத்துவலி, எரிச்சல், ஏறும் ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சர்க்கரை நோய் இருப்பவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. அமெரிக்காவில் இளைஞர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சொத்தை விடக் கடன் அதிகமாக இருந்தவர்களுக்கு மன அழுத்தத்தோடு டயஸ்டாலிக் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது தெரிந்தது.

அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன்பு கையில் காசிருக்காது, நகை அடகில் இருக்கும், கடன் தலைக்குமேல் இருக்கும். பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களுக்கு அறிவு குறைவாக இருந்ததில்லை, பணக்கவலை அதைப் பிடித்து வைத்திருந்தது.

வங்கித் தவணை கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்கியவரை முட்டாள் என்று திட்டுவதில் நியாயமில்லை என்பதை இந்த ஆய்வு சொல்லிவிடுகிறது. திருத்தத்துக்கும் ஒரு வழி காட்டுகிறது. பதற்றம் உச்சத்தில் இருக்கும் நாளில் புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மாத்திரை, பிறகு தவணை

செலவைச் சுருக்க வேண்டும் என்றதும் பல வீடுகளில் முதலில் வெட்டுப்படுவது மருந்துக் கடைக் கணக்கு. பி.பி. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் உண்டு. அப்படி மிச்சமாகும் சில நூறு ரூபாய், பக்கவாதமோ மாரடைப்போ வந்தால் லட்சக்கணக்கில் புதுக் கடனாகத் திரும்பும்.

இந்தச் செலவுக்கு வேறு வழி இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆஸ்பத்திரிச் செலவால் கடனாளியான குடும்பம் முதலில் வாங்கி வைக்க வேண்டியது இந்தக் காப்பீட்டு அட்டை.

மனத்துக்கும் மருத்துவம் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்துக்குத்தான், 1997இல். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில், நாம் 'ஜி.எச்.' என்று சொல்கிற இடத்தில், மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் போய்க் காட்டலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற 'டெலி மனாஸ்' மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

யாருக்கு முதலில் கட்டுகிறோம்?

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தண்டல் கணக்கு அத்துப்படி. பத்தாயிரம் என்று பேசி 8,500 ரூபாய் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500 ரூபாய்தானே' என்று தோன்றும். அசலும் சேர்ந்தே தினம் குறைந்துகொண்டு வருவதால் ஆண்டு வட்டியாகப் பார்த்தால் இது சுமார் 120 சதவீதம்.

இந்தத் தண்டலை ஒருநாள் பிசகாமல் கட்டி முடித்தாலும் சிபிலில் ஒரு மதிப்பெண்கூட ஏறாது, அந்தக் கணக்கு அங்கே போவதே இல்லை. சாயங்காலம் கடை வாசலில் வந்து நிற்கிறவருக்குப் பயந்து முதலில் அவருக்குக் கட்டுகிறோம். சத்தமில்லாமல் எழுதிக்கொள்ளும் வங்கித் தவணையைத் தள்ளிவிடுகிறோம். ஸ்கோர் சரிவதற்கு இந்த வரிசைக் குழப்பமும் ஒரு காரணம்.

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. வங்கி, நிதி நிறுவனம், கார்டு, மகளிர் குழு ஆகியவற்றின் குறைந்தபட்சத் தவணைகளைத் தேதி தவறாமல் கட்டியபின் மிஞ்சும் காசு முழுவதையும், வட்டி அதிகமான கடனின் அசலுக்குத் தள்ளுங்கள். குழுக் கடனும் அறிக்கையில் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது.

அறிக்கையை எடுத்து வாசியுங்கள்

'சிபில்' என்று பொதுவாகச் சொன்னாலும் இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ஸ்கோர் 300இலிருந்து 900 வரை. 750க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். ஆனால் அந்த எண்ணை விட உள்ளே இருக்கும் கட்டங்கள் முக்கியம். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதத்துக்கு ஒன்றாக 36 மாதங்களுக்குச் சிறுசிறு கட்டங்கள் இருக்கும். '000' என்றால் அந்த மாதம் பாக்கியில்லை. '030' என்றால் 30 நாள் தாமதம், '090' என்றால் 90 நாள். எந்த மாதத்தில் சறுக்கினோம் என்று தெரிந்துவிடும்.

தவறுகளும் இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜனுக்கும் ரங்கநாதனுக்கும் பஞ்சமில்லை. இனிஷியல் முன்னும் பின்னும் மாறும் நம் ஊர்ப் பெயர்களில் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏற வாய்ப்புண்டு. கட்டி முடித்த கடனைப் பாக்கி என்றே காட்டுவதும் உண்டு. ஆதாரத்தோடு புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

செட்டில்மென்ட் என்றால் தீர்ந்ததா?

80,000 ரூபாய் பாக்கிக்கு "35,000 கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று போன் வரும். கட்டினால் தொல்லை நிற்கும், தூக்கமும் வரும். அறிக்கையில் மட்டும் 'முடிந்தது' என்று இல்லாமல் 'செட்டில் செய்யப்பட்டது' என்று விழும். முழுப் பணமும் வரவில்லை என்பதே அடுத்து கடன் தருகிறவருக்கு அதன் பொருள். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு விவசாயக் கடன் அல்லாத புதுக் கடன் தர அந்த நிறுவனம் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

வேறு வழியே இல்லை என்றால் செட்டில்மென்ட் தப்பில்லை. சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். பிறகு கை நிமிர்ந்ததும் மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, பதிவை மாற்றச் சொல்லலாம். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி, மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். இலவச சட்ட உதவி எண் 15100.

மறுபடி நம்பிக்கை பெறுவது

* வங்கியில் 20,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். ஸ்கோர் சரிந்தவருக்கும் இது கிடைக்கும்.
* கார்டு வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் மட்டும் தேய்த்தால் போதும்.
* இந்தப் புதுக் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டித் தப்பிக்க வேண்டாம், மீதிக்கு வட்டி ஓடும். முழு பில்லையும் கட்டுங்கள்.
* தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் மாற்றித் தரக் கேளுங்கள்.
* வங்கி நகைக் கடனும் அறிக்கையில் ஏறும். வட்டியை ஒழுங்காகக் கட்டினால் லாபம், நகை ஏலம் போனால் நஷ்டம்.
* ஒரே மாதத்தில் நாலு இடத்தில் கடன் கேட்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும்.

2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும். நல்லதும் கெட்டதும் சீக்கிரமே அறிக்கைக்கு வந்துவிடும். ஆனாலும் 90 நாள் சறுக்கல் ஒரு மாதத்தில் மறையாது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஒழுங்கு தொடர்ந்தால்தான் எண் நிமிரும். "ஐயாயிரம் கொடுங்க, ஒரே வாரத்துல சிபில் ஏத்தித் தர்றோம்" என்கிறவர்களை நம்பாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் தன் தகவலைத் திருத்தாமல் யாராலும் எதையும் மாற்ற முடியாது.

கடன் வாங்குகிற எண்ணமே இல்லாதவருக்கும் சிபில் முக்கியம். சிபில் சரியில்லை என்பதால் ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது.

மிரட்டல் வந்தால்

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டு அவமானப்படுத்தக் கூடாது. இரண்டும் ரிசர்வ் வங்கியின் விதிகள். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். வழி கேட்க 14448. கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் பலவந்தத்தைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. காவல் நிலையத்திலோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன மாத்திரையைத் தொடங்குங்கள். கடன் தாளை எழுதி வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். இலவச அறிக்கையை எடுத்து, கட்டம் கட்டமாகப் பார்த்து, தவறிருந்தால் புகார் போடுங்கள். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை என்று இந்த ஒரு வருஷத்துக்காவது முடிவெடுங்கள். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் "என் சிபிலே சரியில்லை, என் கையெழுத்து உங்களுக்கு உதவாது" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.