மேற்கோள் எண்ணிக்கை: ஒரு விளக்கம்

வைஃபை பெட்டியில் ஏன் பல ஆண்டெனா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவல்களை அனுப்பத்தான். இதன் பெயர் ‘மைமோ’. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் 1992இல் இதற்குக் காப்புரிமை கோரினார், 1994இல் கிடைத்தது. 2014இல் மார்கோனி பரிசும் பெற்றார்.

தேர்வுக் கட்டுரையில் ‘உலகப் புகழ் பெற்றவர்’ என்று மட்டும் எழுதினால் போதாது, சான்று வேண்டும். ஆய்வுலகில் ஒரு சான்று மேற்கோள். ஒருவரின் ஆய்வைப் பிறர் தம் ஆய்வில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள்.

‘எச்’ குறியீட்டை 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஐந்து கட்டுரைகளுக்கு 10, 8, 5, 4, 3 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 அல்லது அதற்கு மேல் பெற்றவை நான்கு. ஆகவே எச் = 4.

ஆனால் ஒன்று கவனிங்க. பிழை காட்டக் குறிப்பிட்டாலும் மேற்கோள்தான். மலாக்காத் தோட்டத்து வீட்டில் நீங்க வைஃபை பயன்படுத்துவதோ எந்தக் கணக்கிலும் ஏறாது. எனவே எண்ணோடு பயனையும் எழுதுங்கள். உங்கள் இடுபணியில் பிறர் கருத்தை எடுத்தால் அவர் பெயரையும் போடுங்கள். மேற்கோள் அங்கேதான் தொடங்குது.