ரெண்டு மாத்திரை போட்டா ரெண்டு மடங்கு நிம்மதியா?

படூரில் நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற ரூம்மேட், "மச்சி, டாக்டர் கொடுத்த டிப்ரெஷன் மாத்திரை அஞ்சு நாளா வேலையே செய்யல. இன்னையிலருந்து ரெண்டா போடப் போறேன்"னு சொன்னா, நீங்க என்ன பதில் சொல்வீங்க?

மூளையில் ஒரு நரம்பு செல் செரடோனினை வெளியே விடும். உடனே ஒரு புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிடின் போன்ற மாத்திரைகள் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்து, இழுப்பதைத் தடுக்கின்றன. சரி, எத்தனை மில்லிகிராமுக்கு எவ்வளவு அடைபடும்? தலையைத் திறந்தா பார்க்க முடியும்? அதற்குத்தான் பெட் ஸ்கேன். அதே புரதத்தில் ஒட்டக்கூடிய, லேசான கதிரியக்கம் உள்ள மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். நம்ம ஓ.எம்.ஆர் பஸ்ஸில் கர்ச்சீஃப் போட்ட சீட்டில் இன்னொருத்தர் உட்கார முடியாதில்லையா, அதே கதைதான். மாத்திரை பிடித்த இடத்தில் இது ஒட்டாது. மிச்சம் காலியா இருக்கும் சீட்டை எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

கனடாவின் டொராண்டோவில் ஜெஃப்ரி மேயர் குழு 77 பேரிடம் இப்படிப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான டோஸ் நோயாளிகளுக்கு. அதைவிடக் குறைந்த டோஸ், ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு. நோயாளிக்குப் பத்தாத டோஸ் கொடுத்து வேடிக்கை பார்க்க முடியாதே!

செர்ட்ராலின் 50 மி.கி., ஃப்ளூஆக்சிடின் 20 மி.கி. என வழக்கமான குறைந்தபட்ச டோஸிலேயே சுமார் 80 சதவிகிதம் அடைபட்டிருந்தது. ஆரம்பத்தில் கிடுகிடுனு ஏறும் கோடு, அதற்குமேல் படுத்துவிடுகிறது. டோஸை இரட்டிப்பாக்கினால் 80 என்பது 160 ஆகாது, கொஞ்சம்தான் நகரும். குமட்டல், தூக்கக் குளறுபடி மாதிரி பக்கவிளைவுகள்தான் கூடலாம். ஆளைப் பொறுத்து டாக்டர் டோஸைக் கூட்டுவது உண்டு, அது வேற விஷயம்.

இதே கோட்டை இறங்கும்போது பாருங்கள். பாதி மாத்திரை என்றால் பாதி விளைவு இல்லை. கடைசிச் சின்ன அளவுகளில்தான் பெரிய சரிவு. திடீர்னு நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வருவது இதனாலும்தான்.

2023-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஆரோக்கியமான 66 பேரில் ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம், மறுபாதிக்கு டம்மி மாத்திரை, குறைந்தது 21 நாள். கவனம், நினைவாற்றல் மாறவில்லை. ஆனால் பரிசு கிடைப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் இருக்கும் உணர்திறன் மழுங்கியது. 'சோகமும் இல்ல, சந்தோஷமும் இல்ல'னு சிலர் சொல்வதற்கு இது ஒரு விளக்கம். அப்படி இருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ரூம்மேட் விஷயத்துக்கு வருவோம். புரதம் முதல் நாட்களிலேயே அடைபட்டாலும் மனசு தெளிய சில வாரங்கள் பிடிக்கும். அஞ்சு நாள் பத்தாது. டாக்டரைப் பார்க்கும்வரை பதற்றம் தாங்கலைன்னா, 14416-க்கு போன் போடச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.