வைகறை ஒளியும் மனச்சோர்வும்



நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளில் இருட்டு வேளையிலும் விளக்கெரிவதைக் கண்டிருப்பீர்கள். முட்டை குறையாதிருக்க, பகலொளியுடன் விளக்கொளியும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்கின்றனர். ஒளி உடலை ஆளுகிறது என்பதற்கு இது கண்கண்ட சான்றாகும்.

மனித உடலும் ஒளிக்குக் கட்டுப்பட்டதே. இருளில் சுரக்கும் மெலடோனின் உறக்கத்திற்கு உதவுகிறது. காலை ஒளி அதனை அடக்குகிறது. நம் சேலம், நாமக்கல் பகுதியில் டிசம்பர் இறுதியிலும் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். கனடாவின் டொராண்டோவிலோ அப்போது 9 மணி நேரம்கூட நிறைவதில்லை. அத்தகைய நாடுகளில் சிலரைக் குளிர்காலந்தோறும் மனச்சோர்வு பீடிக்கிறது. 1984-இல் அமெரிக்காவில் மருத்துவர் நார்மன் ரோசென்தால் குழுவினர் இதனை ஒரு நோயென விவரித்து, ஒளிச் சிகிச்சையின் பலனையும் எடுத்துரைத்தனர். விழிக்க வேண்டிய நேரத்திற்கு முன்பிருந்தே, விடியலைப் போலச் சிறிது சிறிதாக ஒளி கூட்டும் விளக்கும் சிலருக்குத் துணைபுரிகிறது.

ஆகவே, குளிர்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளை, 'ஃபஜ்ருக்கு எழ முடியவில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை' என்று கூறினால், சோம்பலென்றோ ஈமானின் பலவீனமென்றோ கடிந்து கொள்ளாதீர்கள். மருத்துவரை நாடச் சொல்லுங்கள். இங்குள்ள நாமும் ஃபஜ்ர் தொழுதபின் மீண்டும் படுக்கைக்குச் செல்லாமல், காலை வெளிச்சத்தில் சற்று நடப்போமாக!

வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல் நலமும் மன நலமும் அருள்வானாக! ஆமீன்.