ஒரே கம்பியில் பல குரல்கள்

பாய்மர உச்சியில் சுழலும் காற்றுமானி காட்டுகிற காற்று, கடலின் மேல் உண்மையில் வீசுகிற காற்று அன்று. 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்து ஒரு படகு 6 நாட் வேகத்தில் நேராகச் செல்லும்போது அந்த மானி 16 நாட் எனக் காட்டும்; அதே படகு திரும்பி, அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, அதே வேகத்தில் சென்றால் 4 நாட் என்று காட்டும். மெய்யான காற்றின் வேகத்தையும் திசையையும் அறிய வேண்டுமாயின், மானியின் அளவோடு, படகின் அடியில் நீர் பட்டுச் சுழலும் சிறு துடுப்புச் சக்கரம் தரும் வேகத்தையும், திசைகாட்டி தரும் முகத்திசையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நீரோட்டத்தை அறிவதும் இவ்வாறே: துடுப்புச் சக்கரம் 6 நாட் என்று சொல்ல, ஜி.பி.எஸ். கருவி அதே திசையில் 8 நாட் என்று சொல்லுமானால், இடைப்பட்ட 2 நாட், படகை ஏந்திச் செல்லும் நீரோட்டத்தின் வேகம். மாலுமிக்கு இன்றியமையாத இச்செய்திகளை எந்தத் தனிக் கருவியும் தர இயலாது என்பதே, படகின் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதற்கான முதற்காரணம்.

பேச வைப்பதற்குப் பொது மொழி வேண்டும். 1957இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம், 1983இல் வெளியிட்ட என்எம்இஏ 0183 என்னும் தர விதி அப்படியொரு மொழியை வகுத்தது. அதில் ஒவ்வொரு செய்தியும் ஒரு வாக்கியம் என்றே அழைக்கப்படுகிறது. டாலர் குறியுடன் தொடங்கி, பேசும் கருவி எது, பேசப்படும் பொருள் எது என்பதை ஐந்து எழுத்துகளில் அறிவித்து, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எண்களை வரிசையாகத் தந்து, எழுத்துகள் வழியில் சிதையவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஓர் எண்ணுடன் அந்த வாக்கியம் முடியும். அதன் நீளம் 82 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. கணினித் திரையில் அப்படியே வாசித்துப் புரிந்துகொள்ளத்தக்க இந்த எளிமைதான், நாற்பது ஆண்டுகள் கடந்தும் அம்மொழியை உயிருடன் வைத்திருக்கிறது எனலாம்.

அதன் வாக்கியங்களுள் ஆழத்தைச் சொல்லும் ஒன்று தனிக்கவனத்துக்குரியது. ஆழமானியின் ஒலியுணரி, படகின் அடியிலிருந்து கேளா ஒலியைக் கடலுக்குள் செலுத்தி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால் ஆழம் 30 மீட்டர். இந்த ஓர் அளவை அவ்வாக்கியம் மூன்று முறை சொல்கிறது: 98.4 அடி, 30 மீட்டர், 16.4 பாகம். இரு கைகளையும் விரித்தால் விரல்நுனி முதல் விரல்நுனி வரை வரும் நீளத்தைத் தமிழ் மீனவர் பாகம் என்பர். ஆங்கிலேயக் கடலோடிகள் பயன்படுத்திய ஆறடி அளவும் அதே கைவிரிப்பிலிருந்து பிறந்ததே. மனித உடலிலிருந்து எழுந்த ஓர் அளவுக்கு மின்னணு மொழியிலும் இடம் ஒதுக்கியிருப்பது, அம்மொழி எழுந்த காலத்து மாலுமிகளின் பழக்கத்தை அதன் ஆசிரியர்கள் மதித்ததைக் காட்டுகிறது.

ஆயினும் அம்மொழிக்கு இரு குறைகள் இருந்தன. அதன் வழக்கமான வேகம் நொடிக்கு 4,800 பிட். ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட் செலவாவதால், முழு நீள வாக்கியங்கள் நொடிக்கு ஆறுக்குமேல் செல்லா. பிற கப்பல்களின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி வந்தபோது அதற்கு 38,400 பிட் வேகத்தைத் தனியே தர வேண்டியதாயிற்று. இரண்டாவது குறை இதனினும் பெரிது: ஒரு கம்பியில் ஒரு கருவி மட்டுமே பேசலாம், மற்றவை கேட்கலாம். பேசும் கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி என்னும் நிலையில், கருவிகள் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகி, எது எங்கே செல்கிறது என்பதைப் பொருத்தியவரே மறந்துபோகும் சிக்கலாக அது முடிந்தது.

இதற்கான விடை கடலிலிருந்து வரவில்லை, சாலையிலிருந்து வந்தது. மோட்டார் வாகனங்களில் கம்பிச் சுமையைக் குறைக்க ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்னும் முறையில், எல்லாக் கருவிகளும் ஒரே சோடிக் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன்மேல் எழுப்பப்பட்டதே, இன்று சிறு படகுகளில் பரவலாக உள்ள என்எம்இஏ 2000 வலை. அதன் வேகம் நொடிக்கு 2,50,000 பிட். ஒரே வலையில் ஐம்பது கருவிகள் வரை இணையலாம்.

ஐம்பது கருவிகள் ஒரே கம்பியில் பேசினால் குரல்கள் மோதிக்கொள்ளாதா என்ற கேள்வி இயல்பாக எழும். முறை வைத்துப் பேச அனுமதிக்கும் தலைமைக் கருவி எதுவும் அங்கில்லை. இருந்திருந்தால், அது பழுதானவுடன் வலை முழுவதும் ஊமையாகிவிடும். கேன் முறை கண்ட தீர்வு வியக்கத்தக்கது. கம்பியில் 0 என்பது ஓங்கிய நிலை, 1 என்பது ஒடுங்கிய நிலை. ஒரே நேரத்தில் ஒரு கருவி 0 என்றும் மற்றொன்று 1 என்றும் சொன்னால், கம்பியில் 0 மட்டுமே ஒலிக்கும். ஒவ்வொரு கருவியும் தன் செய்தியின் தொடக்கத்திலுள்ள 29 பிட் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டே கம்பியைக் கவனித்துக் கேட்கிறது; தான் 1 என்று சொல்லியும் கம்பியில் 0 ஒலித்தால், தன்னினும் அவசரமான செய்தியோடு வேறொரு கருவி பேசுகிறது என்றறிந்து உடனே ஒதுங்கி, அது முடித்த பின் மீண்டும் முயல்கிறது. வென்ற செய்தி ஒரு பிட்டும் சிதையாமல், ஒரு நொடித்துளியும் தாமதமாகாமல் சென்று சேர்கிறது. அடையாள எண்ணின் முதல் மூன்று பிட்டுகள் முன்னுரிமையைக் குறிப்பவை. நொடிக்குப் பத்து முறை வரும் முகத்திசைச் செய்தியின் முன்னுரிமை 2, அதாவது இரும எண்ணில் 010. இரண்டரை நொடிக்கு ஒருமுறை வரும் தொட்டி மட்டச் செய்தியின் முன்னுரிமை 6, அதாவது 110. இரண்டும் மோதினால் முதல் பிட்டிலேயே தீர்ப்பாகிவிடும். தானியங்கிச் சுக்கான் திசைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, தண்ணீர்த் தொட்டி காத்திருக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒரு பிட் கம்பியில் நிற்கும் நேரம் நான்கு மைக்ரோநொடி. அதற்குள் அது கடைக்கோடிக் கருவி வரை சென்று, அக்கருவியின் குரலும் திரும்பி வந்தால்தான் ஒதுங்குவதா, தொடர்வதா என்று முடிவு செய்ய முடியும். மின்குறி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோநொடி ஆவதால், 200 மீட்டர் சென்று திரும்புவதற்கே இரண்டு மைக்ரோநொடி கழிந்துவிடுகிறது. கருவிகளின் உள் தாமதம் வேறு. வலையின் முதுகெலும்பாக ஓடும் வடம் 200 மீட்டரைத் தாண்டக் கூடாது, மெல்லிய வடமாயின் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதிலிருந்து கருவிக்குக் கிளைக்கும் ஒவ்வொரு வடமும் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்னும் விதிகளை வெறும் சம்பிரதாயமாக எண்ணி மீறுவோர், பின்னர்க் காரணம் தெரியாத கோளாறுகளில் சிக்குகின்றனர்.

முதுகெலும்பின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று பொருத்தப்பட வேண்டும் என்பதும் அத்தகைய விதியே. குளத்து அலை கரையில் மோதித் திரும்புவதுபோல், வடத்தின் வெற்று முனையில் மோதும் மின்குறி திரும்பி வந்து அடுத்துவரும் பிட்டுகளைக் குழப்பும். தடை அதை உறிஞ்சிவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். வலையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, செய்தி செல்லும் வெள்ளை, நீலக் கம்பிகளுக்கு இடையில் தடையை அளந்தால், இணையாக அமைந்த இரு தடைகளின் பயனாக 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு தடை விடுபட்டிருக்கிறது, 40 காட்டினால் எங்கோ மூன்றாவது ஒன்று புகுந்திருக்கிறது. விலையுயர்ந்த கருவியைக் குறைகூறிக் கழற்றுவதற்கு முன் இந்த ஓர் அளவை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அவ்வடத்திலேயே சிவப்பு, கறுப்புக் கம்பிகள் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுசெல்கின்றன. வெள்ளையும் நீலமும் ஒன்றையொன்று முறுக்கியவாறு ஓடி, ஒன்றின் மின்னழுத்தம் ஏறும்போது மற்றொன்றில் இறங்குமாறு பேசுகின்றன. இயந்திரத்தின் ஆல்டர்னேட்டரோ வி.எச்.எப். வானொலியோ எழுப்பும் இரைச்சல் இரண்டையும் ஒருசேரப் பாதிப்பதால், அவற்றின் வித்தியாசம் மாறாமல் நிற்கிறது.

செய்தி சிதைந்தால் அதைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பச் செய்யவும், ஓயாமல் பிழை செய்யும் கருவியைப் பேச்சிலிருந்து விலக்கவும் கேன் முறை அறியும். ஆனால் அனுப்பப்பட்ட எண் உண்மையா என்பதை அது அறியாது. ஒரு கருவியில் தவறாக அமைக்கப்பட்ட அளவு, எல்லாத் திரைகளுக்கும் பிசகின்றிப் போய்ச் சேரும். இதில் மிகுந்த ஆபத்துடையது ஆழம். ஒலியுணரி நீர்மட்டத்துக்கு 0.5 மீட்டர் கீழும், படகின் அடிமரமாகிய ஏரா அதற்கும் 1 மீட்டர் கீழும் இருப்பதாகக் கொண்டால், உணரி 3 மீட்டர் என்று அளக்கும் இடத்தில் கடலின் ஆழம் 3.5 மீட்டர், ஏராவுக்கும் தரைக்கும் இடையில் எஞ்சியிருப்பதோ 2 மீட்டர். என்எம்இஏ 2000 ஆழச் செய்தி, உணரியின் அளவோடு ஒரு திருத்த எண்ணையும் சுமந்து வருகிறது. அது நேர் எண்ணாயின் நீர்மட்டத்திலிருந்தும், எதிர் எண்ணாயின் ஏராவிலிருந்தும் ஆழம் கணக்கிடப்படும். அந்தக் கூட்டல் கழித்தல் குறி மாறிப்போனால், 2 மீட்டர் நீரே மிஞ்சியிருக்கும் இடத்தில் திரை 4 மீட்டர் என்று காட்டி மாலுமியை மேலும் கரைநோக்கி இட்டுச்செல்லும். ஆகவே கருவிகளை இணைத்து முடித்தவர், அமைதியான நீரில் நங்கூரமிட்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை உணரிக்கு அருகில் தரைதட்டும்வரை இறக்கி, நனைந்த நீளத்தைக் கைவிரித்துப் பாகம் பாகமாக அளந்து, திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பின்பே திருத்த எண்ணை உறுதிசெய்ய வேண்டும்.